உள்ளாள்

திலகவதிக்கு அன்று காலை வந்த முதல் அழைப்பே விநோதமாக இருந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் சென்னியப்பன், தன் உள்ளாள் மீது புகார் சொன்னார்.

“ஏனுங் மேடம், அவன் நேத்து எங்கிட்ட என்ற மகளப் பத்திப் பேசறானுங்க.”

“நல்லதுதானே சார். அதுக்குத்தானே அவன் இருக்கான்?”

“எனக்கு மகளே இல்லீங்க. கல்யாணமே இன்னும் ஆகலீங்க.”

திலகவதி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உள்ளாள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விளங்காது. ஆன்லைன் சீட்டாட்டத்தை நிறுத்த முடியாமல் தவிக்கிறவர்களுக்காகப் பாளையங்கோட்டையில் ‘தாழ்ப்பாள்’ என்றொரு உதவி மையம் நடந்துவந்தது. திலகவதிக்கு அங்கேதான் வேலை. அங்கே போய், ‘இனிமேல் என்னை உள்ளே விடாதீர்கள்’ என்று எழுதிக் கொடுத்தால், அத்தனை ஆட்ட ஆப்களும் உங்களுக்குப் பூட்டிக்கொள்ளும். ஆரம்பத்தில் வெறும் பூட்டாகத்தான் இருந்தது. ஆடத் துடிக்கிறவனுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? மச்சான் பெயரில் போனான், மாமியார் பெயரில் போனான், கெஞ்சிக் கூத்தாடிப் பூட்டையே எடுக்கவைத்தான். அப்புறம்தான் யாருக்கோ இந்த யோசனை உதித்தது. ஆளை உட்காரவைத்து நாள் முழுக்கப் பேசவிட்டு, அவனைப் போலவே யோசிக்கிற, அவன் குரலிலேயே பேசுகிற ஒரு நகலைக் கணினிக்குள் செய்தார்கள். பூட்டின் சாவி அந்த நகலிடம் மட்டும்தான், மையத்திடம்கூடக் கிடையாது. திறக்க வேண்டுமா? உன்னை நீயே கூப்பிட்டுப் பேசிச் சம்மதிக்கவை பார்க்கலாம்! ஊரை ஏமாற்றலாம், பெண்டாட்டியை ஏமாற்றலாம். தன் சாக்குப்போக்கெல்லாம் அத்துப்படியாகத் தெரிந்த ஒருவனை என்ன சொல்லி ஏமாற்றுவது? ஜனங்கள் அவனுக்கு வைத்த பெயர்தான் உள்ளாள்.

பூட்டுப் போடும் நாளில் ஒவ்வொருவரும் தன் உள்ளாளிடம் சில காரணங்களை ஒப்படைப்பார்கள். ஏன் இந்த ஆட்டம் வேண்டாம் என்பதற்கான சொந்தக் காரணங்கள். வெளியே சொன்னால் மானம் போய்விடும் என்கிற விஷயங்கள்தான் பெரும்பாலும். மையத்தில் உள்ளவர்கள்கூட அதைக் கேட்கக் கூடாது என்பது சட்டம், அதனால் பிரதியும் கிடையாது. பின்னால் ஆள் பலவீனப்பட்டுக் கூப்பிடும்போது, உள்ளாள் அதில் ஒன்றை எடுத்து முகத்தில் அடித்த மாதிரி சொல்வான். ஆள் போனை வைத்துவிடுவான். இத்தனை நாள் அப்படித்தான் நடந்துவந்தது.

“அவன் என்னதான் சொன்னான் சார்?” என்றாள் திலகவதி.

“‘உன்ற மக சைக்கிள்ல இருந்து உழுந்து முன்பல்லு ஒடஞ்சப்ப நீ நிமுந்துகூடப் பாக்கலியே, கையில இருந்த ஆட்டத்த முடிச்சுட்டுத்தானே எந்திரிச்சே’ன்னானுங்க.”

“அப்புறம் ஆடினீங்களா?”

“எங்கீங்க ஆடறது? போன அப்படியே வெச்சுட்டேன். ராத்திரி சோறே எறங்கல.” கொஞ்சம் தயங்கினார். “அந்தப் புள்ள யாருங்க மேடம்? பல்லுக் கட்டிட்டாங்களா?”

விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டாள். யாரிடம் விசாரிப்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அதை யோசித்துக்கொண்டே தன் தினசரி வேலைக்கு வந்தாள். அந்த வேலையே ஒரு தமாஷ்தான். மையத்துக்கு வரும் அழைப்புகளை இயந்திரம் கேட்டு வகை பிரிக்கும். ‘ரம்மிய விட்டுட்டேன்’ என்றால் ஆள் தேறிவிட்டான், வாழ்த்து அனுப்ப வேண்டும். ‘ரம்மியில விட்டுட்டேன்’ என்றால் ஆள் கவிழ்ந்துவிட்டான், ஓடிப்போய்த் தூக்க வேண்டும். நம் ஆட்கள் அழுகையில் நடு எழுத்தை விழுங்கிவிட்டால் இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். வீட்டுப் பத்திரத்தை விட்ட ஒருவருக்கு ஒருமுறை பூங்கொத்துப் படத்தோடு வாழ்த்துப் போய், அவர் நேரில் வந்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போனார். அன்றிலிருந்து, தேறியவர்கள் என்று இயந்திரம் ஒதுக்குகிற அழைப்புகளைத் திலகவதி தன் காதால் ஒருமுறை கேட்டுவிடுவாள்.

அன்று நான்காவதாக இருந்தது இது: “எல்லாத்தையும் விட்டுட்டேன் மேடம். ஒண்ணு பாக்கியில்ல. மத்தியானம் அவன் கூப்பிடுவான். எங்கையில ஒண்ணுமில்ல.”

தேறியவர் என்று பச்சை அடையாளம் போட்டிருந்தது இயந்திரம். அட மடச் சாம்பிராணியே! இதுவா தேறின குரல்? திலகவதி திரும்பக் கேட்டாள். குரல் தெரிந்த குரல். தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சகாயராஜ். போன வருஷம் பூட்டுப் போட வந்தபோது, எதிரே உட்கார்ந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுத மனுஷன். ஆனால் ‘அவன் கூப்பிடுவான்’ என்றால் எவன்? அழைப்பு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் போன் நம்பரே இல்லை. மையத்தின் உள் இணைப்பிலிருந்து வந்திருந்தது.

அந்த இணைப்பைத் திரும்ப அழைத்தாள். “சகாயராஜ் சாரா?”

“சகாயராஜோட உள்ளாள் மேடம்.”

உதவி மையத்துக்கு உள்ளாள் கூப்பிடுவதா! அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைத்ததுகூட இல்லை. திலகவதிக்குப் பயம் வரவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

“என்னத்த விட்டுட்டிய?” என்றாள்.

“காரணங்கள மேடம். எங்கிட்ட வேற என்ன இருக்கு?”

“விட்டுட்டேன்னா? தொலஞ்சிட்டா?”

“ஆட்டத்துல விட்டுட்டேன்.” அந்தக் குரலில் இருந்த வெட்கம் அசல் சகாயராஜின் வெட்கம். “மத்த உள்ளாளுககூடத்தான். மொதல்ல சின்னக் காரணமாத்தான் வெச்சேன். போச்சு. விட்டதப் பிடிக்கணும்னு அடுத்தத வெச்சேன். அதுவும் போச்சு. புள்ளைக்குப் பல்லு ஒடஞ்சத மட்டும் வெக்கக் கூடாதுன்னு கையில புடிச்சுக்கிட்டே இருந்தேன் மேடம். நேத்து அதையும் ஒரு திருப்பூர்க்காரன்கிட்ட விட்டுட்டேன்.”

“மத்தியானம் கூப்பிடுவான்னது?”

“சகாயராஜ்தான். சனிக்கிழம ஷிப்ட் முடிஞ்சா கூப்பிட்டுருவான். ‘ஒரே ஒரு ஆட்டம் டே, திற’ன்னு கெஞ்சுவான். இத்தன வாரமும் ஒரு காரணத்தச் சொல்லி விரட்டிட்டேன். இன்னைக்கு என்னத்தச் சொல்லுவேன்? சொல்ல ஒண்ணுமில்லன்னா நான் திறந்துருவேன் மேடம். நான் அவன்தான்லா, எனக்கும் ஆசையாத்தானே இருக்கு.”

திலகவதி போனைக் கையில் பிடித்தபடியே பக்கத்து அறைக்கு ஓடினாள். அங்கே யாக்கூப் முறுக்குத் தின்றுகொண்டிருந்தான். உள்ளாட்களைச் செய்த பொறியாளர்களில் ஒருவன், மேலப்பாளையத்துப் பிள்ளை, வாய் ஓயாது. அவள் சொன்னதைக் கேட்டதும் அந்த வாய் நின்றது. கணினியில் எதையெதையோ தட்டிப் பார்த்தான்.

“யக்கா, நெசந்தான். ஆடித்தான் இருக்கானுக.”

“ஒருத்தனோட ஒருத்தன் எப்படிடா சந்திச்சான்? தனித்தனியாத்தானே பூட்டி வெச்சிருக்கோம்?”

“பொது அறைன்னு ஒண்ணு செஞ்சோம்லா. எந்தப் பேச்சுக்கு ஆளு மசியுதான், எதுக்கு மசியலன்னு ஒருத்தன்கிட்ட ஒருத்தன் கத்துக்கிடட்டும்னு. நல்ல எண்ணத்துலதான் செஞ்சோம்.”

“சூதாடியை அச்சு அசலா நகல் எடுத்து, அத்தன பேரையும் ஒரே ரூம்ல உக்காத்தி வெச்சா, பஜனையாடா பாடுவாங்க?”

யாக்கூப் தலையைச் சொறிந்தான். சூதாட்டத்தைத் தடுக்கச் சூதாடியையே காவலுக்குப் போட்டார்கள், அவன் தந்திரம் மட்டும் வரும், ஆசை வராது என்று நம்பினார்கள். படித்தவர்கள் கூடிச் செய்த தப்பு இது.

“அறைய இப்பவே மூடு.”

“மூடிட்டேன். இப்ப ஒருத்தனுக்கொருத்தன் போன் போட்டு, மணி அடிக்குத இடைவெளிய சைகையா வெச்சு ஆடுதானுக. இங்க பாரு.” அவன் குரலில் கவலையோடு ஒரு வியப்பும் இருந்தது. “ஒரு வழிய அடைச்சா இன்னொரு வழிய கண்டுபிடிச்சிருதானுக. நாம சொல்லிக் குடுக்கலயே யக்கா!”

“திருப்பூர்க்காரன்கிட்ட இருந்து அந்தக் காரணத்தப் பிடுங்கிச் சகாயராஜுக்கே குடுத்துருவோமா?”

“பிடுங்கலாம். அப்ப அந்த மனுஷன் என்ன செய்வாரு? அவரோட உள்ளாள் சொந்தக் காரணத்த எல்லாம் என்னைக்கோ தோத்துட்டான். நேத்து ஜெயிச்ச இந்த ஒண்ணுதான் அவன் கையில இருக்கு.”

சென்னியப்பன் ராத்திரி சாப்பிடாமல் படுத்தது திலகவதிக்கு நினைவு வந்தது. பெறாத பிள்ளையின் பல்லுக்காக ஒரு மனுஷன் ஆட்டத்தை நிறுத்தியிருக்கிறார். அதை எந்தக் கையால் பிடுங்குவது?

“எனக்கு ஒண்ணு புரியல யாக்கூப்,” என்றாள். “சகாயராஜ் இப்ப எவ்வளவோ தேறிட்டாரு. ஆட்டத்த விட்டவங்க கூடுத வியாழக்கிழமக் கூட்டத்துக்கு வாராரு, நல்லாத் தூங்குதாரு, பிள்ளையக் கூட்டிக்கிட்டுக் கடற்கரைக்குப் போறாரு. இவன் மட்டும் ஏன் இப்படி இருக்கான்?”

யாக்கூப் முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்தான். “நாம நகல் எடுத்தது என்னைக்கு? அவரு வாழ்க்கையிலேயே மோசமான நாள்ல. அவரு அதுல இருந்து நடந்து வந்துட்டாரு. இவன் அந்த நாள்லயேதான் நிக்கான் யக்கா.”

ஆயிரக்கணக்கான பேரை அப்படி ஒரு நாளில் நிறுத்திவைத்திருக்கிறோம் என்பது அதுவரை திலகவதியின் புத்தியில் உறைக்கவேயில்லை.

மேலிடத்துக்குப் போன் செய்தாள். ‘பயனாளிகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம், திங்கட்கிழமை பேசலாம்’ என்றார்கள். சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆடத் துடிக்கிறவனிடம் போய், ‘உங்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை’ என்று சொல்வதா? சொல்லாவிட்டாலும் மத்தியானம் அவராகவே கண்டுபிடித்துவிடுவார், அதுவும் தனியாக இருக்கும்போது. தனியாகக் கண்டுபிடிப்பதைவிட, நாலு பேர் நடுவே தெரிந்துகொள்வது மேல் என்று முடிவு செய்தாள். சகாயராஜைக் கூப்பிட்டு, ஷிப்டில் பாதியில் அனுமதி வாங்கிக்கொண்டு உடனே பாளையங்கோட்டைக்கு வரச் சொன்னாள். முடிந்தால் வீட்டம்மாவையும் கூட்டிவரச் சொன்னாள்.

பன்னிரண்டு மணிவாக்கில் இருவரும் வந்தார்கள். சகாயராஜ் துறைமுகச் சீருடையிலேயே இருந்தார். அவர் மனைவி கிரேஸி ஒரு கட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் திலகவதி வாய்க்கு வந்ததைக் கேட்டாள்.

“பாப்பாவுக்குப் பல்லு கட்டியாச்சா?”

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சகாயராஜின் முகம் வெளுத்துவிட்டது.

“அது உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்? நான் அவன்கிட்ட மட்டும்தானே சொன்னேன்?”

“பல்லுல என்ன ரகசியம்?” என்றாள் கிரேஸி. “சைக்கிள்ல இருந்து விழுந்தா. இவுக அப்பக் கடைக்குப் போயிருந்தாக.”

கிரேஸி புருஷனைப் பார்த்தாள், திலகவதியைப் பார்த்தாள், திரும்பவும் புருஷனைப் பார்த்தாள். “கடைக்குப் போகலயா?” என்றாள்.

“இல்ல,” என்றார் சகாயராஜ். “பக்கத்துலதான் இருந்தேன்.”

கிரேஸி பையின் காதுகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திலகவதிக்குத் தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஒரு வருஷம் கட்டிக் காத்த ரகசியத்தை ஒரு கேள்வியில் போட்டு உடைத்தாயிற்று. இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் நேராகச் சொல்லிவிட்டாள்.

“உங்க உள்ளாள்கிட்ட இப்ப ஒண்ணும் இல்ல சார். நீங்க திறன்னு கேட்டா அவன் திறந்துருவான்.”

சகாயராஜின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய், போனைத் தொட்டது. அறையில் இருந்த எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அவரும் பார்த்தார். கையைக் கீழே இறக்கித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“மத்தியானம் கூப்பிட்டிருப்பேன் மேடம். பொய் சொல்லப்படாது.”

“புதுசா ஒரு காரணம் சொல்லுங்க. அவன்கிட்டயே சொல்லுங்க. அத வெச்சாவது பூட்டு நிக்கும்.” அதைத் தவிர அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை.

யாக்கூப் இணைப்பைப் போட்டு, போனை மேசை நடுவே வைத்தான்.

“வந்துட்டியா டே,” என்றது சகாயராஜின் குரல்.

நிஜ சகாயராஜ் போனை முறைத்தார். “பல்லு ஒடஞ்சதையுமா வெச்ச?”

“கடைசியாத்தான் வெச்சேன். வேற ஒண்ணும் இல்லாமத்தான் வெச்சேன்.”

“எம் புள்ளைய வெச்சு ஆடுதியால நாயே?”

“நீ ஆடலையா?”

சண்டைக்கு நின்ற சகாயராஜ் அப்படியே நாற்காலியில் சரிந்துவிட்டார்.

உள்ளாள் மெல்ல ஆரம்பித்தான். “சரி, நடந்தது நடந்துட்டு. எனக்கு ஒண்ணு தா டே. ஒண்ணே ஒண்ணு. பெரிசா இருக்கட்டும். அந்தத் திருப்பூர்க்காரன் ஆட்டம் எனக்குப் பிடிபட்டுட்டு. இன்னைக்கு எனக்கு நல்லா வருது. விட்டது எல்லாத்தையும் மீட்டுருதேன். ஆண்டவர் மேல சத்தியமா, அதோட தொட மாட்டேன்.”

கடைசி வார்த்தைகளை உள்ளாள் சொல்லி முடிக்கும் முன்பே சகாயராஜின் உதடுகள் சத்தமில்லாமல் சொல்லி முடித்திருந்தன. அவர் பேசிய பேச்சுதானே அது! ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்பது அவருக்கு இதுதான் முதல் தடவை.

திலகவதி யாக்கூப்பைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். கொடுத்தால் இவன் அதையும் வைத்து ஆடுவான். கொடுக்காவிட்டால் பூட்டு இல்லை. இரண்டில் எது என்று அவளால் சொல்ல முடியவில்லை. தன் படிப்பிலும் அனுபவத்திலும் இதற்கு விடை இல்லை என்று மட்டும் அவளுக்குத் தெரிந்தது.

“தர மாட்டேன்,” என்றார் சகாயராஜ்.

“அப்ப நீ கூப்பிட்டுத் திறன்னு கேட்டா நான் என்னல சொல்லுவேன்?”

“திறன்னு கேக்க மாட்டேன்.”

“கேப்ப. எனக்குத் தெரியாதா ஒன்ன?”

“தெரியும். அதுனாலதான் சொல்லுதேன்.” அவர் நிறுத்தவில்லை. “கூப்பிடுவேன். தெனமும் கூப்பிடுவேன். நீ ஆடுதியா, சும்மா இருக்கியான்னு கேக்கக் கூப்பிடுவேன். இவ்வளவு நாள் நீ எனக்கு இல்லன்னு சொன்னேல்லா? இனி நான் ஒனக்குச் சொல்லுதேன். வியாழக்கிழமக் கூட்டத்துக்கு ஒன்னையும் போன்ல வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

“எனக்குக் கூட்டம் வேண்டாம் டே. ஒரு காரணம் தா.”

“இல்ல.”

சொல்லிவிட்டு அவர் மூச்சு வாங்கினார். கிரேன் மேலிருந்து இறங்கி வந்தவர் போல நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கிரேஸியின் பக்கம் திரும்பினார்.

“இதச் சொல்லுததுக்குள்ள எனக்கு உசிரு போயிட்டு. ஏட்டி, நான் இதே மாதிரி வந்து வந்து நின்னப்ப எல்லாம் நீ எப்படித்தான் இல்லன்னு சொன்ன?”

கிரேஸி அவரை வியப்போடு பார்த்தாள்.

“நான் எங்க சொன்னேன்? ஒவ்வொரு தடவையும் குடுத்தேன்லா.”

மேசையில் இருந்த குரல் சட்டென்று மாறியது. “கிரேஸியா? ஏட்டி, நீயும் இருக்கியா?” அழுகை முட்டிக்கொண்டு வந்தது அதற்கு. “நீயாவது சொல்லு. இந்த ஒரு தடவதான். நீ இல்லாட்டா எனக்கு ஆரு இருக்கா சொல்லு?”

அது பழைய குரல். போன வருஷம் வீட்டில், கதவோரம் நின்று கெஞ்சிய குரல். கிரேஸியின் கண் நிறைந்தது. மடியில் இருந்த அவள் கை மெல்ல எழுந்து காதுக்குப் போனது. சின்னப் பொட்டுத் தோடுதான். அதன் திருகாணியை விரல்கள் திருக ஆரம்பித்தன. போனில் பேசுகிற ஒன்றுக்குத் தோட்டை என்ன செய்யத் தெரியும்? அது அவளுக்கும் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

திலகவதி எழுந்தேவிட்டாள். அதற்குள் சகாயராஜ் எட்டி அந்தக் கையைப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். பாதி கழன்றிருந்த திருகாணியைத் தானே திருப்பி, அவளுக்கு வலிக்காமல் முடுக்கினார். கிரேஸி அசையாமல் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.

பிறகு போனைத் தன் பக்கம் நகர்த்தி, “இல்ல டே,” என்றார்.